மலையிறங்கும் பழைய கெப்: பிரேக்கில் எதை மாற்றலாம், எதைத் தொடாமல் விடலாம்?

கேள்வி: கந்தப்பளையிலிருந்து எழுதுகிறேன். 1990களின் நடுப்பகுதியில் தயாரிக்கப்பட்ட, நான்கு சக்கர இயக்கமுள்ள டீசல் ஹைலக்ஸ் டபள் கெப் ஒன்று என்னிடம் இருக்கிறது. கிழமைக்கு இரண்டு தடவை லீக்ஸ், கரட் மூடைகளுடன் றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்குகிறேன். புசல்லாவையை நெருங்கும்போது பிரேக் பெடல் மெத்தென்று அமுங்குகிறது, கருகிய வாடையும் வருகிறது. சற்று நேரம் நிறுத்தி ஆறவிட்டால் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. முன்னுக்குப் பெரிய கெலிப்பரும் பின்னுக்கு டிஸ்க்கும் போட்டால் சரியாகும் என்று கராஜில் சொல்கிறார்கள். எனக்கு ஓரளவு வேலை தெரியும். வீட்டிலேயே இதைச் செய்யலாமா?

பதில்: உங்கள் வண்டிக்கு உண்மையில் தேவைப்படும் வேலைகளில் பெரும்பகுதியை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம். ஆனால் அந்த வேலைகள் கராஜில் சொன்னவை அல்ல. பின் சக்கரங்களுக்கு டிஸ்க் வேண்டவே வேண்டாம். பெரிய கெலிப்பரைப் பற்றிய முடிவை, கீழே சொல்பவற்றையெல்லாம் முடித்து, சுமையுடன் ஒரு தடவை இறங்கிப் பார்த்த பிறகு எடுங்கள். அதற்குப் பின்னர் அது தேவைப்படாது என்பதே என் கணிப்பு.

நீங்கள் எழுதிய அறிகுறிகளிலேயே காரணம் இருக்கிறது. காலையில் கெட்டியாக இருக்கும் பெடல், நீண்ட இறக்கத்தில் மெத்தென்றாகி, ஆறியதும் மீண்டும் கெட்டியாகிறது என்றால், பிரேக் ஒயில், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் கெலிப்பருக்குள் கொதித்து ஆவிக் குமிழிகளை உண்டாக்குகிறது என்று பொருள். ஒயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால்தான் பெடல் உள்ளே போகிறது. டிஸ்க்கில் உரசும் பேட்டின் உராய்வு குறைவது வேறு சங்கதி. அப்போது பெடல் கெட்டியாகவே இருக்கும், எவ்வளவு மிதித்தாலும் வண்டிதான் நிற்காது. கருகிய வாடையைப் பார்த்தால் உங்களுக்கு இரண்டும் சேர்ந்தே நடக்கத் தொடங்கியிருக்கிறது. ஒருவேளை காலையிலேயே பெடல் மெத்தென்று இருந்தால், குழாயில் காற்று இருக்கிறது அல்லது எங்கோ கசிவு இருக்கிறது. அந்த நிலையில் வண்டியை வீதிக்கே எடுக்காதீர்கள்.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கம்பளைக்கு வரும்போது 1,300 மீற்றருக்கு மேல் கீழே இறங்குகிறீர்கள். சுமையோடு வண்டியின் மொத்த எடை 2,500 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 100 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. இதில் எஞ்சினும், டயரும், காற்றின் தடையும் தாங்கிக்கொள்ளாத பங்கு முழுவதும் முன்னாலுள்ள இரண்டு டிஸ்க்குகளிலும் பின்னாலுள்ள இரண்டு ட்ரம்களிலும் வெப்பமாக இறங்குகிறது. ஆகவே மலைநாட்டில் பிரேக்கை மேம்படுத்துவது என்றால், அந்த வெப்பத்தை நான்கு சக்கரங்களுக்கும் சரியாகப் பங்கிட்டு, தேங்காமல் வெளியேற்றுவதுதான். மிதித்த கணத்தில் வண்டி சடுதியாக நிற்பது அதற்கு அடுத்தபடியான விஷயம்.

முதலில் பிரேக் ஒயிலை மாற்றுங்கள். போத்தலில் டொட் (DOT) என்று எழுதியிருப்பது ஒயிலின் தரவகை. டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அதே ஒயில் 140 பாகையிலேயே கொதிக்கக்கூடும். டொட் 4க்கு இந்த எண்கள் 230, 155, டொட் 5.1க்கு 260, 180. பிரேக் ஒயில் றப்பர் ஹோஸ்கள் வழியாகவும் தொட்டியின் மூடி வழியாகவும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. ஆண்டில் பாதி நாள் பனிமூட்டமும் தூறலுமாக இருக்கும் உங்கள் பகுதியில் அது இன்னும் விரைவாக நடக்கும். ஆண்டுக்கொரு தடவை முழு ஒயிலையும் டொட் 4 ஆக மாற்றுவதே இந்தப் பாதையில் ஓடும் வண்டிக்குப் பொருத்தமானது. டொட் 3க்குப் பதிலாக டொட் 4, 5.1 இரண்டையும் ஊற்றலாம். டொட் 5 என்று மட்டும் எழுதிய சிலிக்கோன் ஒயிலை எக்காரணம் கொண்டும் ஊற்றாதீர்கள். அது மற்றவற்றுடன் கலக்காது. மூடி திறந்து பல மாதங்கள் வைத்திருந்த போத்தலையும் பயன்படுத்த வேண்டாம்.

அடுத்தது பின் ட்ரம். பழைய ஹைலக்ஸ்களில் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் விடப்படும் இடம் இதுதான், உங்கள் முன் டிஸ்க் இவ்வளவு சூடாவதற்கும் இது முக்கிய காரணமாக இருக்கலாம். இந்த வண்டியில், ட்ரம்மின் உட்சுவரில் உரசும் பின் ஷூக்களைத் தானாக நெருக்கிவிடும் அமைப்பு, ஹேண்ட் பிரேக்கை இழுக்கும்போதுதான் வேலை செய்கிறது. சக்கரத்தின் உட்புறத் தகட்டில், ஹேண்ட் பிரேக் கேபிள் வந்து சேரும் இடத்தில், முழங்கை போல வளைந்த ஒரு சிறு நெம்பு இருக்கும். சேறும் தண்ணீரும் பட்டு அது துருப்பிடித்து இறுகிவிட்டால், ஹேண்ட் பிரேக்கும் பிடிக்காது, ஷூக்களும் நெருங்கா. சாரதி கியரில் போட்டுக் கல் வைத்து நிறுத்தும் பழக்கத்தில் இருந்தால், நெம்பு நன்றாக இருந்தாலும்கூட ஷூக்கள் தேயத் தேய இடைவெளி கூடிக்கொண்டே போகும். அப்போது பெடலின் பயணம் நீளும், பின் சக்கரங்கள் செய்ய வேண்டிய வேலை முன் சக்கரங்களின் தலையில் விழும்.

ட்ரம்மைக் கழற்றச் சுத்தியலால் அடிக்க வேண்டாம். அதன் முகப்பில் உள்ள இரண்டு மரையுள்ள துளைகளில் 8 மில்லிமீற்றர் போல்ட்களைச் செலுத்தி, மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கினால் அது தானே வெளியே வரும். உள்ளிருக்கும் தூசியை ஊதவோ எயார் அடிக்கவோ வேண்டாம். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பொலித்தீன் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் தூசி மறைப்பைச் சற்று விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் கண்டால் சிலிண்டரையே மாற்றிவிடுங்கள். நெம்பைக் கழற்றிச் சுத்தம் செய்து, வெப்பம் தாங்கும் கிரீஸ் பூசி, விரலால் தள்ளினால் தங்குதடையின்றி அசையும்படி மாட்டுங்கள். ட்ரம்மின் உள்விட்டம் எவ்வளவு வரை தேயலாம் என்பது ட்ரம்மிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். லேத்தில் கொடுப்பதற்கு முன் அதை அளந்து பாருங்கள். எல்லாவற்றையும் பூட்டிய பிறகு, சக்கரத்தைக் கையால் சுற்றும்போது ஷூ மெல்ல உரசும் சத்தம் கேட்கும் அளவுக்கு நெருக்கிவையுங்கள். இந்த ஒரு வேலையாலேயே பெடல் மேலே வந்துவிடுவதைப் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன்.

பின் அச்சிலிருந்து ஒரு கம்பி, சட்டத்தில் பொருத்திய வால்வு ஒன்றுக்குப் போகிறதல்லவா, அது சுமையை உணரும் வால்வு. சுமை ஏறி வண்டி தாழும்போது பின் சக்கரங்களுக்குக் கூடுதல் அழுத்தத்தை அனுப்புவது அதன் பணி. மூடை ஏற்றுவதற்காகப் பின் வில்லில் பட்டைகள் சேர்த்து வண்டியை உயர்த்தியிருந்தால், சுமை இருந்தும் இல்லாதது போலவே அந்த வால்வு நினைத்துக்கொள்ளும், பின் பிரேக் பாதி பலத்தில்தான் வேலை செய்யும். கம்பியின் நீளத்தைச் சரிசெய்ய இடமுண்டு. அழுத்தமானி இல்லாமல் குத்துமதிப்பாக அதைத் திருப்புவது பின் சக்கரங்கள் ஈரத்தில் பூட்டிக்கொள்ள வழிவகுக்கும் என்பதால், இந்த ஒன்றை மானி வைத்திருக்கும் கராஜில் ஒப்படையுங்கள்.

முன் சக்கரத்துக்கு வருவோம். உங்கள் வண்டியின் நான்கு பிஸ்டன் கெலிப்பரில், ஊசிகளை உருவினாலே பேட்டுகள் மேல்பக்கமாக வந்துவிடும். டிஸ்க்கை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல. அது சக்கரம் பூட்டப்படும் ஹப்பின் பின்புறத்தில் போல்ட் செய்யப்பட்டிருப்பதால், ஹப்பையும் பெயாரிங்கையும் கழற்றியே ஆக வேண்டும். 54 மில்லிமீற்றர் சொக்கட் இல்லாமல், பெயாரிங்கை இறுக்கிப் பிடிக்கும் நட்டை உளியால் தட்டித் திருப்பும் வழக்கத்தைப் பின்பற்றாதீர்கள். மரை சிதைந்தால் பெயாரிங்கின் இறுக்கத்தைச் சரியாக வைக்கவே முடியாது. கழற்றும் வேளையில் பெயாரிங்கைக் கழுவிப் புதுக் கிரீஸ் இட்டு, சீலையும் மாற்றிவிடுங்கள். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிப்பு அதன் மீதே எழுதப்பட்டிருக்கும். அந்த எல்லையை நெருங்கிய டிஸ்க்கை மீண்டும் லேத்தில் சீவி மாட்டுவது மலைப்பாதைக்கு உதவாது, ஏனென்றால் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்வது அந்த இரும்பின் எடைதான். துளையிட்ட டிஸ்க்குகள் பார்வைக்கு நன்றாக இருக்கும். நீண்ட இறக்கத்தின் சூட்டில் துளை விளிம்புகளிலிருந்து வெடிப்பு ஓடக்கூடும் என்பதால் சுமை வண்டிக்கு நான் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை.

பேட் வாங்கும்போது விளிம்பில் அச்சிட்ட இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பாருங்கள். முதல் எழுத்து சாதாரண வெப்பநிலையிலும், இரண்டாவது எழுத்து அதிக வெப்பத்திலும் அந்தப் பேட்டின் உராய்வைக் குறிக்கின்றன. ‘எஃப்’ என்றால் 0.35க்கும் 0.45க்கும் இடைப்பட்டது, ‘ஈ’ அதற்கும் குறைந்தது, ‘ஜி’ அதற்கும் கூடியது. இரண்டாவது எழுத்து ‘ஈ’ ஆக இருந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ‘எஃப்எஃப்’ அல்லது ‘எஃப்ஜி’ உங்களுக்கு ஏற்றது.

பிரேக்கின் பலம் குறைவதாகத் தோன்றுவதற்கு மலையே ஒரு காரணமாக இருப்பதையும் சொல்ல வேண்டும். நீங்கள் மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டர் வேலை செய்வது வெளிக்காற்றின் அழுத்தத்தால்தான். நுவரெலியாவின் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஆகவே பூஸ்டர் தரக்கூடிய உச்ச உதவியும் அந்த அளவுக்குக் குறைகிறது. இந்த டீசல் எஞ்சினில் அதற்கான வெற்றிடத்தை அல்டர்னேட்டரின் பின்னால் பொருத்திய ஒரு சிறு பம்ப் உருவாக்குகிறது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதியுங்கள்; பிறகு மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சிறிது கீழே இறங்கினால் பூஸ்டர் நன்றாக இருக்கிறது. இறங்காவிட்டால் முதலில் ஹோஸையும் அதிலுள்ள ஒருவழி வால்வையும், அடுத்து பம்பையும் பாருங்கள். 2022 எரிபொருள் நெருக்கடியின்போது இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டிக்கொண்டு வரும் பழக்கம் சிலரிடம் ஒட்டிக்கொண்டது. எஞ்சின் நின்றால் அந்தப் பம்பும் நின்றுவிடும், இரண்டு மூன்று தடவை மிதித்ததும் பூஸ்டர் வெறுமையாகிவிடும். உங்களுக்கும் அந்தப் பழக்கம் இருந்தால் தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள்.

இனி கராஜின் யோசனைகள். பெரிய கெலிப்பரில் பிஸ்டனின் பரப்பு அதிகம் என்பதால் அதற்கு அதிக ஒயில் வேண்டும். பெடலை மிதிக்கும்போது ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பழையதாகவே இருந்தால் பெடல் இன்னும் ஆழமாகப் போகும்; மாஸ்டரையும் பெரிதாக்கினால் பெடல் கடினமாகும். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பெரிய மாடலிலிருந்து கெலிப்பர், டிஸ்க், மாஸ்டர் மூன்றையும் ஒரு தொகுதியாக எடுத்து மாற்றினால்தான் அது முறையான வேலை. கொழும்பில் வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் அத்தகைய தொகுதி கிடைத்தால்கூட, சீல்கள் அனைத்தையும் புதிதாக்காமல் மாட்டக் கூடாது. பின் டிஸ்க்கை நான் மறுப்பதற்குக் காரணம், சரிவில் சுமையோடு நிற்கும் வண்டியை ஹேண்ட் பிரேக்கால் பிடித்துவைப்பதில் ட்ரம்முக்கு இருக்கும் வலு, சாதாரணமாக மாட்டப்படும் டிஸ்க் கெலிப்பர்களுக்கு இருப்பதில்லை. சுமை வால்வும் ட்ரம்முக்காகவே கணக்கிடப்பட்டது. மேலும், முன்பிருந்ததைவிட உயரமான டயர் போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். டயரின் விட்டம் பத்து வீதம் கூடினால், அதே மிதிக்கு வண்டியை நிறுத்தும் விசை ஏறத்தாழ பத்து வீதம் குறைகிறது. பழைய அளவுக்குத் திரும்புவதும் ஒரு மேம்பாடுதான்.

வேலை செய்யும் இடம் சமதரையாக இருக்க வேண்டும். முற்றம் சரிவாக இருந்தால் வேறிடம் தேடுங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே நுழையாமல் ஸ்டாண்ட் வைத்து, எதிர்ச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். வெடித்த, உப்பிய ஹோஸ்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடுங்கள். இரும்புக் குழாயில், முக்கியமாகக் கிளிப் பிடிக்கும் இடங்களில், துரு அரித்திருந்தால் துண்டு போட்டு ஒட்டாமல் முழு நீளத்தையும் கராஜில் புதிதாகச் செய்யச் சொல்லுங்கள். பிரேக் குழாய்களிலுள்ள காற்றை எடுக்கும்போது பின் சக்கரங்களில் தொடங்கி முன்னுக்கு வாருங்கள். சுமை வால்விலும் காற்றை வெளியேற்றும் ஒரு பிளீட் நிப்பிள் இருப்பதை மறக்க வேண்டாம். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பெடலைத் தரைவரை மிதித்தால், வழக்கமாகச் சீல் போகாத, துருவேறிய பகுதிக்குச் சீல் சென்று கிழிந்துவிடும். எல்லாம் முடிந்ததும் எஞ்சின் ஓடும்போது பெடலை ஒரே அழுத்தத்தில் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். கசிவு எதுவும் தெரியாமலே பெடல் மெதுவாக இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் உள்ளே கசிகிறது, மாற்ற வேண்டும்.

புதுப் பேட் போட்டதும், சுமையில்லாமல், சமதளமான வீதியில் 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 10 வரை எட்டுப் பத்துத் தடவை குறைத்து, முழுமையாக நிறுத்தாமல் ஓட்டிப் பிறகு ஆறவிடுங்கள். அடுத்து சுமையோடு இறங்கும்போது, ஏறுவதற்குப் பயன்படுத்தும் கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை இடைவிடாமல் மெல்ல மிதித்துக்கொண்டே வராமல், வேகம் கூடும்போது உறுதியாக மிதித்துக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். அந்த இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும். கம்பளையில் நிறுத்தியதும், கையை ரிம்மில் வைக்காமல் அருகே கொண்டுபோய் நான்கு சக்கரங்களின் சூட்டையும் ஒப்பிடுங்கள். முன் இரண்டும் ஒரே அளவிலும், பின் இரண்டும் அவற்றைவிடச் சற்றுக் குறைவாகவும் இருந்தால் வேலை சரி. பின் இரண்டும் குளிர்ந்தே இருந்தால் ஷூவையும் சுமை வால்வையும் மீண்டும் பாருங்கள். முன்னால் ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால், அந்தப் பக்கக் கெலிப்பரின் பிஸ்டன் இறுகியிருக்கிறது அல்லது அந்த ஹோஸ் உள்ளே அடைத்திருக்கிறது. அதைச் சரிசெய்யும்வரை அடுத்த லோட்டை ஏற்ற வேண்டாம்.