அவள் பெயர் என்ன?

வணக்கம். நான் நாகப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டவள். 2004 சுனாமியில் என் மாமியார் ஒரு பெண்குழந்தையைப் பறிகொடுத்தார். உடல் கிடைக்கவில்லை. இன்றும் டிசம்பர் 26 அன்று கடலில் பால் ஊற்றிவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். குழந்தையின் ஒற்றைக் கொலுசை பீரோவில் வைத்திருக்கிறார். இது மனநோயா? மறக்க வைக்க என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அன்றாட வாழ்க்கையைக் குலைத்து, ஆறு மாதம் தாண்டியும் விடாத துக்கத்தை உலக சுகாதார நிறுவனம் நோய்ப்பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தந்த ஊர் வழக்கத்தையும் மிஞ்சியிருக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. வருடத்தில் ஒருநாள் பால் ஊற்றுவது நம் வழக்கம்தான். சாப்பாடு, தூக்கம் இல்லை, சாவைப் பற்றியே பேசுகிறார் என்றால் உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இல்லையென்றால் விடுங்கள்.

'மறக்க வைக்க' என்று எழுதினீர்களே, அதுதான் என்னைக் குத்தியது. 2005 ஜனவரியில் நிவாரண லாரியில் உங்கள் நாகப்பட்டினத்தை ஒட்டிய அக்கரைப்பேட்டைக்குப் போனேன். அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். குழி வெட்டி மொத்தமாகப் புதைத்ததில், தன் பிள்ளை எங்கே என்று தெரியாதவர்கள் எத்தனையோ பேர். வெளியூர்க்காரர்கள் கொட்டிய பழைய துணி சாலையோரம் குவிந்து கிடந்தது. யாரும் சீந்தவில்லை. ஒரு அம்மா மட்டும் அதிலிருந்து சின்ன மஞ்சள் கவுன் ஒன்றை உருவி, உதறி, தன் இடுப்போடு வைத்துப் பார்த்தார். கொஞ்சம் தூக்கினார், இறக்கினார். சரியான உயரம் வந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, "மறந்துடுங்கம்மா, இன்னொரு பிள்ளை பொறக்கும்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "போனவ பேரு என்னன்னு கேட்டியா தம்பி?" என்றார்.

நான் கேட்கவில்லை. கருத்தடை செய்துகொண்ட தாய்மாருக்கு அதை மாற்றும் அறுவை சிகிச்சைக்கு அரசு பிற்பாடு உதவியது. நல்ல காரியம்தான். ஆனால் அப்புறம் பிறந்தது வேறு பிள்ளை, வேறு பெயர்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கொலுசு இருக்கிறது, பீரோ இருக்கிறது. 'ஒரு பெண்குழந்தை' என்கிறீர்கள். அவள் உங்கள் நாத்தனார் ஆயிற்றே! பெயரை எழுத ஒரு வரி இல்லையா? கோபமாகத்தான் வருகிறது. அந்த வீட்டில் கடைசியாக யார், எப்போது அவள் பெயரை வாய்விட்டுச் சொன்னார்கள்? அத்தை அழுவார் என்று பேச்சை மாற்றியிருப்பீர்கள். அழட்டுமே. ஒப்பாரியில் பேர் சொல்லித்தானே அழுவோம்? உடலும் கிடைக்காத தாய் வேறு எதைப் பிடித்துக்கொள்வார்?

இந்த டிசம்பரில் பால்செம்பை நீங்கள் எடுத்துக்கொண்டு கூடவே போங்கள். எப்படிப் போனாள் என்று மட்டும் கேட்காதீர்கள். கேமராவோடு வந்தவர்கள் எல்லாம் அதைக் கேட்டிருப்பார்கள். அவளுக்கு என்ன மீன் பிடிக்கும் என்று கேளுங்கள். அப்புறம், அவள் பெயரை எனக்கு எழுதுங்கள்.