‘உங்களுக்கு என்னங்க குறைச்சல்?’

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறார். ஊரில் கொஞ்சம் மல்லிகைத் தோட்டமும் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பினால் மதியம்தான் திரும்புவார், வந்ததும் அன்றைக்கு மார்க்கெட்டில் நடந்ததையெல்லாம் சொல்லிச் சிரிக்க வைப்பார். மூன்று மாதமாக அந்த மனுஷனைக் காணோம். கடையைத் தம்பி பார்த்துக்கொள்கிறார். இவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார், ஆனால் தூக்கம் இல்லை. நெஞ்சை அடைக்கிறது, முதுகெல்லாம் பாரமாக இருக்கிறது என்றார். இ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்தோம், ஒன்றும் இல்லை என்றார்கள். தூக்கம் வரட்டும் என்று இப்போது குடிக்கவும் செய்கிறார். கடன் இல்லை, சண்டை இல்லை. ‘உங்களுக்கு என்னங்க குறைச்சல்’ என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். செய்வினை என்கிறார் அத்தை, ஏர்வாடியில் கொஞ்ச நாள் தங்க வைக்கலாம் என்கிறார். மனநல டாக்டரைப் பார்க்கலாமே என்றேன். பிளஸ் டூ படிக்கிற பெண் இருக்கிற வீட்டில் பேசுகிற பேச்சா இது என்று கொழுந்தனார் கோபப்பட்டார். அழுவதற்குக்கூட நான் தோட்டத்து மோட்டார் ரூமுக்குத்தான் போகவேண்டியிருக்கிறது. என்ன செய்வது?

– ஒரு வாசகி, திருமங்கலம் பக்கம்

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்த ‘என்னங்க குறைச்சல்’ என்ற இடத்தில் மூன்று முறையும் நின்றுவிட்டேன், ஏனென்றால் அதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன், என் சொந்த அண்ணனிடம். நிரந்தர வேலை, சொந்த வீடு, நன்றாகப் படிக்கிற இரண்டு பிள்ளைகள், அப்புறம் எதற்கு இப்படி உட்கார்ந்திருக்கிறாய் என்று மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தோம். அம்மா கேட்டாள், அண்ணி கேட்டாள், நான் போனில் கேட்டேன். எல்லாம் சரியாகி வெகுநாள் கழித்து ஒரு சாயங்காலம் அண்ணன் சொன்னான்: “நீங்க அதைக் கேக்குறப்பல்லாம், ஒரு குறையும் இல்லாமலே இப்படிக் கிடக்கேனே, அப்ப நான்தான் வீணாப் போனவன்னு தோணும். அதுக்கப்புறம் வாயைத் தொறக்கவே மனசு வராது.” ஆறுதல் என்று நினைத்து நாங்கள் சொன்னது அவனுக்குக் குற்றச்சாட்டாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதனால் தங்கச்சி, முதல் வேலையாக இந்தக் கேள்வியை வீட்டில் எல்லோரும் நிறுத்துங்கள். உங்கள் கணவரும் அதே காரணத்தைத்தான் தனக்குள் ராத்திரி முழுக்கத் தேடிக்கொண்டிருப்பார்.

நான் டாக்டர் இல்லை, இதுதான் நோய் என்று எழுதித் தர என்னால் முடியாது. ஆனால் நீங்கள் சொன்னவற்றை எந்த மனநல டாக்டரிடம் சொன்னாலும் அவர் முதலில் யோசிப்பது மனச்சோர்வைத்தான், டிப்ரஷன் என்கிறோமே, அது. மனம் சோர்ந்து கிடப்பது, பிடித்ததில்கூட நாட்டம் இல்லாமல் போவது, தூக்கமும் பசியும் மாறுவது, உடம்பு அசந்து போவது, தன்னையே குறைவாக நினைப்பது எல்லாம் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாக எல்லா நாளும் நீடித்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவக் கணக்கு. உங்கள் வீட்டில் மூன்று மாதம் ஓடிவிட்டது. நம் பக்கத்து ஆட்கள், அதிலும் ஆம்பிளைகள், ‘மனசு கஷ்டமா இருக்கு’ என்று சொல்லவே மாட்டார்கள். நெஞ்சை அடைக்குது, முதுகு பாரம், தலை கிறுகிறுங்குது என்றுதான் வெளியே வரும். அது நடிப்பும் இல்லை, சாக்கும் இல்லை, அந்தப் பாரம் நிஜமாகவே உடம்பில் தெரியும். இ.சி.ஜி.யில் ஒன்றும் இல்லை என்றால் இதயம் நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம்.

கடன் வந்தால், சாவு விழுந்தால் மனச்சோர்வு வரலாம். ஒன்றுமே நடக்காமலும் வரும். பரம்பரையில் இருந்திருக்கலாம், தைராய்டு குறைந்திருக்கலாம், வருஷக்கணக்காக ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஓடியதில் தூக்கமே குலைந்து போயிருக்கலாம், இதில் நாலைந்து ஒன்றாகச் சேர்ந்தும் இருக்கலாம். சர்க்கரை வந்தவரிடம் உனக்கு என்ன குறைச்சல் என்று யாராவது கேட்கிறோமா?

சரி, அப்படியானால் அவரிடம் என்ன பேசுவது? கொஞ்சமாகப் பேசுங்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்தாமல், “ஏங்க, கொஞ்ச நாளா நீங்க ரொம்பக் கஷ்டப்படுறது எனக்குத் தெரியுது. காரணமெல்லாம் சொல்ல வேண்டாம். நான் இங்கனதான் இருக்கேன்” என்கிற அளவு போதும். பதில் வராது. பரவாயில்லை, மறுநாளும் போய் உட்காருங்கள், பூக் கட்டிக்கொண்டோ கீரை ஆய்ந்துகொண்டோ. தைரியமாக இருங்க, மனசைத் தேத்திக்கங்க, உங்களைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேரு, இந்த மூன்றும் வேண்டவே வேண்டாம். கால் ஒடிந்தவரை நடந்து பார் என்று சொல்வதுபோல ஆகிவிடும்.

இன்னொரு கேள்வி கேட்க வேண்டும், அதைக் கேட்கத்தான் எல்லோரும் பயப்படுகிறோம். தனியாக இருக்கும்போது, நிதானமாக, “செத்துப் போயிரலாம்னு எப்பவாச்சும் தோணுதாங்க?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, இதில் மனநல டாக்டர்கள் எல்லோரும் உறுதியாக இருக்கிறார்கள். ஏற்கெனவே தோன்றிக்கொண்டிருந்தால், ஒருத்தரிடமாவது சொல்லிவிட்டோம் என்று பாரம் இறங்கத்தான் செய்யும். அவர் ஆமாம் என்றாலும் சரி, பதில் சொல்லாமல் கண் கலங்கினாலும் சரி, அவரைத் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவு ராத்திரியும் பகலும் திறந்திருக்கும், வண்டி இல்லையென்றால் 108. அவர் என்ன பதில் சொன்னாலும் சரி, இன்றைக்கே ஒரு வேலை செய்துவிடுங்கள். மல்லிகைத் தோட்டம் இருக்கிறது என்கிறீர்கள், செடிக்கு அடிக்கிற மருந்து மோட்டார் ரூமிலோ வீட்டுப் பரணிலோ நிச்சயம் இருக்கும். அதையெல்லாம் எடுத்து நம்பிக்கையான ஒருவர் வீட்டில் பூட்டி வைத்துவிடுங்கள், கொழுந்தனார் வீடாகவே இருக்கட்டும். அந்த எண்ணம் சில சமயம் சில நிமிஷம்தான் உச்சத்தில் நிற்கும், அந்த நிமிஷத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லாமல் இருந்தாலே உயிர் தப்பியவர்கள் ஏராளம். உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை, தங்கச்சி. எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

எங்கே போவது என்பதற்கு வருகிறேன். பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனையில், மனநலப் பிரிவு இருக்கிறது. ஓ.பி. சீட்டு போட்டுக் காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் இருக்கும். அவ்வளவு தூரம் வர மாட்டேன் என்று அவர் அடம்பிடித்தால் உங்கள் தாலுகா அரசு ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள், மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் குறிப்பிட்ட நாட்களில் அங்கே வருவார், எந்த நாள் என்று கேட்டுக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம். அதற்கும் முன்னால், இன்று ராத்திரியே உங்களால் செய்ய முடிந்தது 14416 என்ற எண்ணுக்குப் பேசுவது. டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை, 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழில் பேசலாம். நோயாளிதான் பேச வேண்டும் என்பதில்லை, நீங்களே கூப்பிட்டு, என் வீட்டுக்காரர் இப்படி இருக்கிறார், எப்படிக் கூட்டிப் போவது என்று கேட்கலாம்.

ஒன்று சொல்கிறேன், அவரை ஏமாற்றிக் கூட்டிப் போகாதீர்கள். மாமா வீட்டுக்கு என்று சொல்லி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினால், அப்புறம் நீங்கள் சொல்கிற எதையும் நம்ப மாட்டார். “தூக்கமே இல்லாமக் கெடக்கீங்க, அதுக்குன்னு ஒரு டாக்டர் இருக்காரு, ஒரே ஒரு தடவை பாத்துட்டு வந்துருவோம்” என்று சொல்லுங்கள், அது உண்மையும்தான். டாக்டரே பெரும்பாலும் ரத்தப் பரிசோதனை எழுதுவார், எழுதாவிட்டால் தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை, பி12 எல்லாம் பார்க்கலாமா என்று நீங்கள் கேளுங்கள்.

மாத்திரை விஷயத்தில்தான் நம் வீடுகள் சறுக்குகின்றன, அதனால் இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். மனச்சோர்வுக்கான மாத்திரை காய்ச்சல் மாத்திரை மாதிரி ரெண்டு வேளையில் கேட்காது. பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகலாம். ஆனால் குமட்டல், வயிற்றுக் கோளாறு, தலைவலி மாதிரித் தொந்தரவுகள் முதல் வாரத்திலேயே வரும். நல்லது பின்னாலும் தொந்தரவு முன்னாலும் வருவதால், ஐந்தாம் நாளே ‘இது உடம்புக்கு ஒத்துக்கலை’ என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். தொந்தரவு இருந்தால் நிறுத்தாமல் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள், அளவை மாற்றுவார், மாத்திரையை மாற்றுவார். முதல் சில வாரம் பதற்றம் கூடினாலோ, சாகிற பேச்சு வந்தாலோ மட்டும் அடுத்த தேதிவரை காத்திருக்கக் கூடாது, உடனே போக வேண்டும். நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள், நிறுத்தும்போதும் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். பழகிப் போய் அடிமையாகிவிடுவாரே என்று பயப்படாதீர்கள், அந்தப் பயம் சில தூக்க மாத்திரைகளுக்குத்தான் பொருந்தும். என் அண்ணனுக்கு ஒரு டாக்டர் எட்டு மாதம் என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்காமல் தூக்க மாத்திரையையே எழுதிக்கொண்டிருந்தார். அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அதனால் மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு ஒரு மாத்திரைகூட வாங்காதீர்கள். மாத்திரையோடு உட்கார்ந்து பேசுகிற ஆலோசனை சிகிச்சையும் உண்டு, அதையும் கேளுங்கள்.

குடி. தூக்கத்துக்கு என்றுதான் ஆரம்பிக்கும். படுத்ததும் கண் அசரும், ஆனால் நடு ராத்திரி விழிப்பு வந்துவிடும், மறுநாள் சோர்வு இரண்டு மடங்காகும். சண்டை போட்டு இதை நிறுத்த முடியாது. எவ்வளவு குடிக்கிறார் என்று மட்டும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தினமும் நிறையக் குடிக்கிறவர் என்றால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, அதையும் டாக்டர் பார்த்துக்கொள்வார்.

அத்தையைப் பற்றி. அவர் மீது கோபப்படாதீர்கள், பெற்ற மகன் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதைப் பார்க்கிற வயிறு அது. விபூதி பூசட்டும், பாண்டி கோவிலுக்கு நேர்ந்துகொள்ளட்டும், அவர் மனசுக்கும் ஒரு பிடிமானம் வேண்டும் இல்லையா. ஆனால் எங்கேயோ கொண்டுபோய்த் தங்க வைப்பதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்துப் போனார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டதும் அத்தை மாதிரிப் பாசமுள்ளவர்கள்தான். அதற்குப் பிறகு அப்படிப்பட்ட காப்பகங்களை மூடினார்கள். இப்போது அதே ஏர்வாடி தர்காவிலேயே, தவா-துவா என்ற பெயரில், பிரார்த்தனைக்கு வருகிறவர்களுக்கு டாக்டரும் மருந்தும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. மருந்தும் வேண்டுதலும் என்று அதற்கு அர்த்தம். அத்தையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், “ஏர்வாடியிலயே டாக்டரப் பாக்கச் சொல்றாங்க அத்தை, நாம இங்கன மதுரையிலயே பாத்துருவோம்” என்று. சாமியை விட்டுக்கொடுக்காமல் பேசினால் அவர் உங்கள் பக்கம் வந்துவிடுவார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கொழுந்தனாருக்குப் பயம், அதைத்தான் கோபமாகக் காட்டுகிறார். நம் ஊரில் பெண் பார்க்க வருகிறவர்கள் தெருமுனை டீக்கடை வரை விசாரிப்பார்கள், அந்தப் பயத்தை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நோயாளியின் விவரத்தை டாக்டரோ ஆஸ்பத்திரியோ அவர் சம்மதம் இல்லாமல் இஷ்டத்துக்கு வெளியே சொல்ல முடியாது, சட்டத்தில் சொல்லியிருக்கிற சில அவசியங்களைத் தவிர. நான் கொழுந்தனாரிடம் கேட்பது ஒன்றுதான். மூன்று மாதமாகக் கடைக்கு வராத அண்ணனைப் பற்றி மார்க்கெட்டில் ஏற்கெனவே பேசாமலா இருக்கிறார்கள்? சிகிச்சை எடுத்து அவர் திரும்பக் கல்லாவில் உட்கார்ந்தால்தானே அந்தப் பேச்சு அடங்கும்? கடையைத் தாங்கிப் பிடித்திருக்கிற நல்ல தம்பிதான் அவர். முதல் தடவை ஆஸ்பத்திரிக்கு அவரையும் கூட வரச் சொல்லுங்கள், டாக்டர் வாயால் கேட்டால் மாறுவார்.

வீட்டில் அவருக்கு ஒரு சின்ன வேலையாவது விட்டு வையுங்கள். எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டால் நாம் ஒன்றுக்கும் ஆகாதவன் என்ற நினைப்பு இன்னும் இறுகும். அன்றைய பூக் கணக்கைப் பத்து நிமிஷம் சரிபார்க்கச் சொல்லுங்கள், காலை வெயிலில் கண்மாய்க்கரை வரை கூட நடங்கள். மனசு வந்தபிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் இந்த நோயில் மனசு வரவே வராது. முடியாத நாளில் விட்டுவிடுங்கள், மறுநாள் கேளுங்கள்.

அப்புறம் நீங்கள். மோட்டார் ரூம் என்று எழுதியிருந்தீர்களே, அங்கேதான் அந்த மருந்தும் இருக்கும் என்ற நினைப்பு எனக்கு வந்தது, அதனால் உங்களிடமும் அதே கேள்வியைக் கேட்கிறேன்: உங்களுக்கு அப்படித் தோன்றுகிறதா, தங்கச்சி? தோன்றினால் 14416 உங்களுக்கும்தான். அப்படி இல்லையென்றாலும் வாரத்தில் ஒரு அரை நாள் அத்தையையும் கொழுந்தனாரையும் அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்கோ சிநேகிதி வீட்டுக்கோ போய், கதவைச் சாத்தாமல் வாய்விட்டு அழுதுவிட்டு வாருங்கள்.

மகளைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், பிளஸ் டூ என்று. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதீர்கள். அப்பா ஏன் பேசவில்லை என்று அவளும் காரணம் தேடிக்கொண்டிருப்பாள், அந்த வயசுப் பிள்ளைகள் தேடினால் கடைசியில் தன் மீதுதான் வந்து நிற்பார்கள், நம்ம மார்க் குறைந்ததாலோ, அன்றைக்கு எதிர்த்துப் பேசியதாலோ என்று. இன்று ராத்திரி அவள் புத்தகத்தை மூடியதும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிடுங்கள்: “அப்பாவுக்கு மனசுல ஒரு நோவு வந்திருக்கு. மருந்து இருக்கு, சரியாயிரும், கொஞ்ச நாளாகும். உன்னால இல்லம்மா.”