வேனில் நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமா? நாமே மாற்றலாமா?

நீங்கள் எழுதியிருப்பது: காமன் ரெயில் டீசல் வேன் (ரெயில் என்ற ஒரே பொதுக் குழாயிலிருந்து, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கு உயர் அழுத்தத்தில் டீசல் போகும் வகை), இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது, ஐடிலிங்கில் உதறுகிறது, சூடாக இருக்கும்போது நிறுத்தி எடுத்தால் ஸ்டார்ட் ஆக நேரம் பிடிக்கிறது, ஏற்காடு ஏற்றத்தில் கரும்புகை. மெக்கானிக் காதால் கேட்டுவிட்டு "நாலும் போச்சுங்க" என்கிறார். நான் சேலத்தில் டூரிஸ்ட் வேன் வைத்து ஓட்டுகிறவன். என் பதில்: அளந்து காட்டச் சொல்லுங்கள், அதற்கு முன் காசை எடுக்காதீர்கள்.

முதலில் அந்தக் கரும்புகையைக் கணக்கிலிருந்து தள்ளி வையுங்கள். அடிவாரத்திலிருந்து மேலே போவதற்குள் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வேகம் செத்து, இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ அடங்கி, செகண்டு கியரில் மிதிக்கும்போது டீசல் உடனே போய்விடும், காற்று பின்னால்தான் வரும். போதாததற்கு ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சேலத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. நல்ல வண்டியும் அங்கே கொஞ்சம் புகைக்கும். ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ ஹோஸில் கிழிசல், புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் ஈஜிஆர் வால்வில் கரி ஆகிய மூன்றும் இதே புகையைத்தான் தரும், மூன்றும் இன்ஜெக்டரைவிட மலிவு. அவற்றைப் பார்த்துவிட்டு அடுத்ததற்கு வாருங்கள்.

சூடான இன்ஜின் ஸ்டார்ட் ஆக மறுப்பதுதான் உண்மையான துப்பு. இன்ஜின் பிடிக்க ரெயிலில் சுமார் 200 பார் அழுத்தமாவது (ஒரு பார் என்பது கிட்டத்தட்ட நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) ஏற வேண்டும். இன்ஜெக்டருக்குள் இருக்கும் வால்வு தேய்ந்தால் டீசல் சிலிண்டருக்குப் போகாமல் ரிட்டர்ன் குழாய் வழியே டேங்குக்கே ஓடிவிடும். சூட்டில் டீசல் இளகிவிடுவதால் கசிவு இன்னும் கூடும். செல்ஃப் எத்தனை அடித்தாலும் அழுத்தம் ஏறாது.

இதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லை. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் ஹோஸையும் கழற்றிவிட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் ட்யூபைச் செருகி, நான்கு தண்ணீர் பாட்டிலில் விடுவார்கள். கழற்றிய ரிட்டர்ன் ஹோஸின் வாயை மட்டும் அடைத்துவிட்டு ஐடிலிங்கில் சில நிமிடம் ஓடவிட்டால் போதும். மூன்று பாட்டிலில் அடியில் ஒரு விரல்கடை நிற்கும்போது நான்காவது பாதிக்கு வந்துவிட்டால், குற்றவாளி யாரென்று மெக்கானிக் சொல்லவே வேண்டாம். ஆனால் பீசோ வகை (காந்தச் சுருளுக்குப் பதில் மின்சாரத்தில் விரியும் படிகத்தால் இயங்குவது) இன்ஜெக்டராக இருந்தால் இந்தச் சோதனை கூடாது. அதற்கு ரிட்டர்ன் லைனிலேயே ஓரளவு அழுத்தம் நின்றாக வேண்டும். கூடவே கம்ப்ரஷனையும், அதாவது சிலிண்டர் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்பதையும், பார்த்துவிடுங்கள். தேய்ந்த பிஸ்டன் ரிங்கும் இதே மாதிரிதான் உதறும்.

ஒன்றா, நான்கா? நான்கையும் கழற்றி, இன்ஜெக்டரை ஓட்டி அளந்து பார்க்கும் டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்புங்கள், தோற்றதை மட்டும் மாற்றுங்கள் என்பது என் கட்சி. சங்ககிரி, நாமக்கல் லாரிகள் எல்லாம் சுற்றி ஓடும் ஊர் இது, பம்ப் நாசில் பட்டறைக்குப் பஞ்சமில்லை. நாசிலும் (டீசலைப் பீய்ச்சும் நுனி) வால்வு செட்டும் மாற்றித் தருவார்கள். பெஞ்சில் ஓட்டிய அச்சுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தாள் தர மறுக்கும் கடையில் வேலை கொடுக்க வேண்டாம்.

நீங்களே மாற்றுவதாக இருந்தால் ஒரு விஷயம் மட்டும் பேரம் இல்லை. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில், இன்ஜின் ஓடும்போதே பைப் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று பார்ப்பார்கள். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. ரெயிலில் 1,600 பார் வரை அழுத்தம் இருக்கும், ஊசிமுனைத் துளையில் வரும் டீசலும் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், கையே போகிற அளவுக்கு உள்ளே கெட்டுவிடும். அப்படிப் பட்டுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் டீசல் உள்ளே பாய்ந்தது என்று சொல்ல வேண்டும். இன்ஜினை அணைத்த பிறகும் பத்து நிமிடமாவது விட்டுத்தான் நட்டில் கை வைக்க வேண்டும்.

மற்றபடி வேலையின் பாதி, இன்ஜெக்டர் உட்காரும் குழியில்தான் இருக்கிறது. அடியில் ஒரு காப்பர் வாஷர் இருக்கும். அது சரியாக உட்காராமல் போயிருந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு மேலே கசிந்து, இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கறுப்பாக இறுகியிருக்கும். அதை நெம்பாதீர்கள். கரியை இளக்கும் ஆயிலை ஊற்றி இரவு முழுக்க ஊறவிட்டு, ஸ்லைடு ஹேமரால் நேராக இழுக்க வேண்டும். வெளியே வந்ததும் நுனியில் வாஷர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்காமல் மேலே புதிய வாஷரைப் போட்டு மாட்டுகிற பட்டறைகள் உண்டு. நாசில் மேலே தூக்கி நிற்கும், ஸ்ப்ரே தப்பான இடத்தில் விழும், புது இன்ஜெக்டரே கெட்டதென்று பழி வரும். எடுத்த வாஷரின் முகத்தில் குறுக்கே கறுப்புக் கோடு ஓடியிருந்தால் அந்த வழியாகத்தான் கசிந்திருக்கிறது. குழியின் சீட்டைக் கையால் சுற்றும் ரீமரால் சுத்தம் செய்யுங்கள், கரி சிலிண்டருக்குள் விழாமல் கீழே கொஞ்சம் கிரீஸ் அப்பிக்கொண்டு. பழைய வாஷரை எக்காரணம் கொண்டும் திரும்பப் போடக் கூடாது, அதே தடிமனில் புதியது வேண்டும். கிளாம்ப் போல்ட்டுக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், மேனுவலில் உள்ள அளவு. கழற்றிய குழாய் வாய்களை உடனே மூடி வையுங்கள். ஒரு மணல் துகள் போதும், புதியதும் பழையதாகிவிடும்.

புதிய இன்ஜெக்டரின் தலையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு பொறித்திருக்கும். மாட்டுவதற்கு முன்பே எந்த சிலிண்டருக்கு எது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு குனிந்து படிக்க முடியாது. அந்தக் குறியீட்டை ஸ்கேனரால் ஈசியூவில் (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) ஏற்றாவிட்டால் பல வண்டிகளில் உதறல் அப்படியே இருக்கும். ஏற்றியாகிவிட்டதா என்று கேட்டுத்தான் பணம் கொடுங்கள்.

ஸ்டார்ட் செய்யுமுன் ஃபில்டரில் உள்ள கைப் பம்பை அமுக்கி டீசல் ஏற்றுங்கள். செல்ஃபை விட்டு விட்டு அடியுங்கள். கசிவைப் பார்க்க ஓர் அட்டையை நீட்டுங்கள், கை வேண்டாம். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறி டீசல் வாடை அடித்தால் அன்றைக்கே ஆயில் மாற்றிவிடுங்கள். டீசல் ஃபில்டரும் புதிது போடுங்கள், தண்ணீர் வடிக்கும் திருகை மழைக்காலத்தில் அடிக்கடி திறந்து பாருங்கள். கழற்றிய பழைய இன்ஜெக்டர்களைப் பட்டறையிலேயே விட்டு வராதீர்கள். ரீகண்டிஷன் செய்கிறவர்கள் அதன் பாடிக்குத் தனியாக விலை கழித்துக்கொள்வார்கள்.