மகளுக்கு எத்துப்பல், உள்வாங்கிய தாடை: பெரியவளான பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

உங்கள் 9 வயது மகளுக்கு மேல்பற்கள் துருத்தி, கீழ்த்தாடை உள்வாங்கியிருக்கிறது. "அப்பா வழி முகவாகு, பெரியவளானதும் கம்பி போட்டால் போதும்" என்று வீட்டில் சொல்வது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். தருமபுரியில் பல் சீரமைப்பு மருத்துவம் பார்ப்பவன் நான். தயவுசெய்து அதுவரை காத்திருக்காதீர்கள்.

பெண் குழந்தைகளின் வளர்ச்சி வேகம் பெரும்பாலும் பூப்பெய்துவதற்கு ஓராண்டு முன்பே உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்குப் பின் வருவது ஆடிப்பட்டத்தைத் தவறவிட்டு விதைப்பதுதான். பென்னாகரம் பக்கத்திலிருந்து 15 வயதில் ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். குடிநீரில் மிகுந்த புளோரைடால் பல்லில் படியும் கறைக்காக வந்தவர்கள். நம் ஊரில் பல் என்றாலே அந்தப் பழுப்புக் கவலைதான். அவளுடைய தாடையை யாரும் கவனித்திருக்கவில்லை. வளர்ச்சியைப் பயன்படுத்தும் காலம் கடந்துவிட்டது என்று அவளிடம் சொன்னது இன்றும் உறுத்துகிறது.

பரம்பரை என்பது பாதி உண்மை. முகம் எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்தவர்களில், மண்டையோட்டுத் தையல்களே (எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் இணைப்புகள்) எலும்பைத் தள்ளி வளர்க்கின்றன என்று முன்பு ஹாரி சிக்கர் கருதினார். தையலைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தபோது அது வளரவில்லை. ஜேம்ஸ் ஸ்காட் மூக்கின் நடுக் குருத்தெலும்பைக் காரணமாகக் காட்டினார். 1960களில் மெல்வின் மாஸ், எலும்பு தானாக வளர்வதில்லை, உள்ளிருக்கும் உறுப்பும் அதன் வேலையுமே அதை வளர்க்கின்றன என்றார். மாங்காயின் சதை பருக்கப் பருக்கத் தோல் விரிகிறதல்லவா, அப்படி. தலையில் நீர் கோத்த குழந்தைக்கு மண்டையோடு பெருக்கிறது. மூளை வளராத குழந்தைக்குச் சிறுத்தே நின்றுவிடுகிறது. எனக்கு மாஸ் மீது பெரிய மதிப்பு உண்டு. ஆனாலும் கீழ்த்தாடையின் நீளத்தில் மரபின் பிடி வலுவானது. கருவி மாட்டினால் எந்தத் தாடையும் நீண்டுவிடும் என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

கீழ்த்தாடையை முன்னால் நிறுத்தும் 'ட்வின் பிளாக்' போன்ற கழற்றி மாட்டும் கருவி, வளர்ச்சி வேகமெடுக்கும் பருவத்தில்தான் நன்றாக உதவும். 9 வயதிலேயே தொடங்கினால் தாடை கூடுதலாக வளர்ந்துவிடாது. பற்கள் மிகவும் துருத்தியிருந்தால் மட்டும், கீழே விழுந்து உடைத்துக்கொள்ளாமலிருக்க முன்பே தொடங்குவோம். மற்றபடி ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் கழுத்தெலும்புகளின் வடிவத்தைப் பார்த்து, எப்போது தொடங்கலாம் என்று கணிப்போம்.

அவள் மூக்கு வழியாக மூச்சு விடுகிறாளா என்று பார்ப்பதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. மாஸ் சொன்ன உறுப்பின் வேலையில் மூச்சும் சேர்த்திதான். இன்றிரவு அவள் தூங்கியதும் அருகில் உட்கார்ந்து பாருங்கள். வாய் திறந்தே இருந்தாலோ குறட்டை வந்தாலோ, மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதை வளர்ந்திருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் இந்த வாரமே காட்டிவிடுங்கள்.