ஊசி குத்த முன்னம் சலத்தைப் பாருங்கோ: வளர்ப்புப் பிராணி கேள்வி பதில்

கேள்வி: டொக்டர், எங்கட நாய்க்குப் பத்து வயசு, சின்னனிலயே விதை எடுத்தது. இப்ப சலம் போக முக்கிக்கொண்டு நிக்குது, ரத்தமும் சொட்டுது. ஸ்கான் பண்ணிப்போட்டு புரொஸ்ரேற் (சலப்பைக்குக் கீழ இருக்கிற ஆண் சுரப்பி) வீங்கியிருக்கு, உள்ள வெள்ளை வெள்ளையா சுண்ணாம்புப் புள்ளியள் தெரியுது, கான்சராயிருக்கலாம், ஊசி குத்திப் பாக்கோணும் எண்டினம். வயசுபோன சீவனை வதைக்க மனமில்லை, வேற வழி இருக்கோ?
– வாசகி, கொக்குவில்

பதில்: இருக்கு தங்கச்சி, முதல்ல சலத்தில பாக்கலாம். புரொஸ்ரேற் கான்சர் வந்த நாயளில ஏறக்குறைய 80 வீதத்துக்கு பிராஃப் எண்ட மரபணுவில ஒரே இடத்தில ஒரே மாற்றம் இருக்கு, வி595ஈ எண்டு பேர், 2015இல தான் இது வெளியில வந்தது. மனுசரில மெலனோமா எண்ட தோல் கான்சரில காணுற அதே மாற்றம் தான் இது. கட்டியில இருந்து உதிருற செல்லுகள் சலத்தோட வருமெல்லோ, அந்த டிஎன்ஏயை ஆயிரக்கணக்கான குட்டித் துளியளாப் பிரிச்சு டிஜிற்றல் பிசிஆர் எண்ட, டிஎன்ஏயைப் பெருக்கிப் பாக்கிற ரெஸ்ற் செய்தா, நல்ல டிஎன்ஏக்குள்ள ஒளிஞ்சு கிடக்கிற மாறின டிஎன்ஏ கொஞ்சத்தையும் பிடிக்கலாம். நாய்க்கு ஒரு நோவும் இல்லை.

சலம் எடுக்கேக்க நிலத்தில கிடக்கிறதை அள்ளிப்போடாதேங்கோ. சுத்தமாக் கழுவின அகப்பையை ஒரு தடியில கட்டி, காலைத் தூக்கினவுடன கொஞ்சம் போக விட்டு, நடுவில பின்பக்கத்தால மெதுவா நீட்டிப் பிடியுங்கோ, முன்னால போய் நிண்டா அது வெக்கப்பட்டு நிப்பாட்டிப்போடும். லாப் தாற போத்திலிலயே ஊத்துங்கோ, ஒருக்காப் பிடிச்சது காணாட்டி அடுத்த முறையும் சேக்கலாம்.

ரிசல்ற் பொசிற்றிவ் எண்டா கான்சர் இருக்கெண்டு தான் எடுக்கோணும், ஆனா சலப்பைக் கான்சரிலயும் இதே மாற்றம் வாறதால எந்த இடமெண்டதை ஸ்கானோட சேத்துத் தான் சொல்லலாம். நெகற்றிவ் எண்டு வந்தா தயவுசெய்து நிம்மதியா இருந்திடாதேங்கோ, மிச்ச 20 வீதம் இந்த ரெஸ்றில அகப்படாது. அப்பிடியெண்டா அடுத்தது கதீற்றர் முறை: சலம் போற வழியால மெல்லிய குழாயை புரொஸ்ரேற் மட்டும் விட்டு, குதத்துக்குள்ளால விரல் வைச்சு மெதுவா அமத்தி, சேலைன் விட்டு இழுத்தா செல்லுகள் வரும். ஊசியைக் கடைசிக்கு வைக்கச் சொல்லுறதுக்குக் காரணம், ஊசி போன வழியில கான்சர் செல் விழுந்து முளைச்சது பதிவாகியிருக்கு. அடிக்கடி நடக்கிறதில்லை, எண்டாலும் சலத்திலயே விடை கிடைச்சா அந்த ஆபத்தை ஏன் எடுப்பான்?

உங்கட டொக்டரிட்டச் சொல்லி பேராதனை மிருக வைத்திய பீட போதனா வைத்தியசாலையோட கதைக்கச் சொல்லுங்கோ, சாம்பிளை எந்த லாப்புக்கு அனுப்பலாமெண்டும் அங்க கேக்கலாம். கெதியாச் செய்யுங்கோ, இந்தக் கான்சர் இடுப்பு எலும்புக்கும் நுரையீரலுக்கும் போறது. நோவுக்கெண்டு வீட்டில கிடக்கிற மனுசர் குளிசையைக் குடுத்துப் போடாதேங்கோ, பிறொக்சிகாம், மெலொக்சிகாம் மாதிரி மருந்துகள் இருக்கு, டொக்டர் அளவு பாத்துத் தருவார். சலம் ஒரேயடியா அடைச்சுதெண்டா அண்டைக்கே கொண்டு ஓடுங்கோ, விடியட்டும் எண்டு இருக்காதேங்கோ.

கேள்வி: விதை எடுத்தா புரொஸ்ரேற் வருத்தமே வராதெண்டு தானே சொல்லுறவை?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: பாதி தான் சரி ஐயா. வயசோட வாற சாதாரண வீக்கம் விதை எடுத்தா சுருங்கிப்போகும், கிருமித் தொற்றும் குறையும். கான்சர் அப்பிடியில்லை, விதை எடுத்த நாயளுக்குத் தான் கூட வருதெண்டு ஆராய்ச்சியளில கண்டிருக்கினம். அதால விதை எடுத்த நாயின்ர புரொஸ்ரேற் பெருத்திருந்தா அதைச் சாதாரணமா எடுக்கவே கூடாது. அதுக்காக விதை எடுக்கிறதை நிப்பாட்டாதேங்கோ, இந்தக் கான்சர் நாயளில அபூர்வம், றோட்டில பிறந்து பசியிலயும் வாகனத்திலயும் சாகிற குட்டியள் அபூர்வமில்லை.

கேள்வி: புரொஸ்ரேற் கான்சர் இருக்கோ எண்டு பாக்க அப்பாவுக்குச் செய்த பிஎஸ்ஏ ரத்த ரெஸ்றை நாய்க்கும் செய்யலாமோ?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: வேண்டாம் தம்பி, நாயின்ர கான்சரை அது காட்டாது. நாய்க்கெண்டு ஆர்ஜினின் எஸ்ரறேஸ் எண்டு வேற ஒரு புரதத்தைப் பாக்கிற ரெஸ்ற் இருக்கு, அதுவும் சாதாரண வீக்கத்துக்குத் தான் உதவும். அந்தக் காசை ஸ்கானுக்கு வையுங்கோ.