"எர்த்துதானே" என்று விட்ட ஒயர்: கேரவன் பேட்டரிக்கு எத்தனை ஸ்கொயர் வேண்டும்?

கேள்வி: பழைய டீசல் வேன் ஒன்றைக் குடும்பத்தோடு தங்கிப் பயணம் செய்ய ஏற்ற கேரவனாக மாற்றி வருகிறேன். பின்னால் 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி. வண்டி ஓடும்போது முன் பேட்டரியிலிருந்து இதை ஏற்ற 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்றும், ஊரில் நிற்கும்போது ஏற்ற 230 வோல்ட் சார்ஜர் ஒன்றும் இருக்கின்றன. எலக்ட்ரீஷியன் பாசிட்டிவுக்கு 16 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) சிவப்பு ஒயர் போட்டார். எர்த்துக்கு மட்டும் 2.5 ஸ்கொயர் பச்சை ஒயரைத் தரைத் தகட்டில் திருகிவிட்டு, "வேனே எர்த்துதான் சார்" என்றார். அரை மணி நேரம் ஓட்டினால் அந்தத் திருகில் கை வைக்க முடியவில்லை. எர்த் ஒயர் எத்தனை ஸ்கொயர் இருக்க வேண்டும்?
(வாசகர், உடுமலைப்பேட்டை)

பதில்: முதலில் அந்தச் சார்ஜரை நிறுத்தி வையுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

உங்கள் எலக்ட்ரீஷியன் சொன்னது முழுப் பொய் இல்லை. நம் பட்டறைகளில் "எர்த்" என்ற ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு ஒயர்களைக் குறிப்பிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

முதலாவது, பேட்டரியின் நெகட்டிவ் ஒயர். இதைப் பேச்சுக்கு எர்த் என்று சொன்னாலும், வேலையில் இது பாசிட்டிவின் இரட்டைப் பிள்ளை. சிவப்பு ஒயரில் 30 ஆம்பியர் போனால் அதே 30 ஆம்பியர் இதன் வழியாகத் திரும்பி வந்தே ஆக வேண்டும். ஆகவே இதன் அளவைத் தனியாகக் கணக்கிடத் தேவையில்லை: பாசிட்டிவ் 16 என்றால் இதுவும் 16. நிறம் கறுப்பு. பச்சையைப் பார்த்தவுடன் "இதில் மின்சாரம் ஓடாது" என்று நினைத்து யாராவது கழற்றிவிடுவார்கள்.

உங்கள் திருகு ஏன் சுட்டது என்பதும் இதிலேயே விளங்கும். பெயின்ட்டின் மேல் திருகிய அந்த இணைப்பில் 0.8 வோல்ட் வீணாகிறது என்று வையுங்கள். 30 ஆம்பியரில் அது 24 வாட் வெப்பம். ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அப்படி ஒன்றை உங்கள் பிளைவுட் தரைக்கு அடியில் நிரந்தரமாகச் செருகி வைத்திருக்கிறீர்கள்.

16 ஸ்கொயர் எங்கிருந்து வந்தது என்றால், செம்பு ஒயரில் ஒரு மீட்டருக்கு ஆகும் தடை 0.0175ஐ ஸ்கொயரால் வகுத்தால் கிடைக்கும் ஓம். முன் பேட்டரியிலிருந்து பின்னால் வரை 5 மீட்டர் என்றால் போக வர 10 மீட்டர். 30 ஆம்பியர் கொடுக்கும் சார்ஜர் தன் பங்குக்கு 40 ஆம்பியர் வரை இழுக்கும். 16 ஸ்கொயரில் இழப்பு ஏறக்குறைய 0.44 வோல்ட், உள்ளே வரும் வோல்ட்டேஜ் சற்றுக் குறைந்தாலும் டிசி-டிசி சார்ஜர் அதை உயர்த்திக்கொள்ளும் என்பதால் இது பரவாயில்லை. 10 ஸ்கொயர் போட்டால் 0.7. அது வேண்டாம். சார்ஜரிலிருந்து பின் பேட்டரிக்குப் போகும் ஒயர்களை ஒரு மீட்டருக்குள் முடியுங்கள். அங்கும் 16 போட்டால் ஒரே சுருளில் வேலை முடியும். தகட்டை நம்பாமல் முன் பேட்டரி நெகட்டிவிலிருந்தே கறுப்பு ஒயரை இழுத்து வாருங்கள். சிவப்பு ஒயரில் இரண்டு பேட்டரிகளின் பக்கத்திலும், ஓர் அடிக்குள், 60 ஆம்பியர் பியூஸ் இருக்க வேண்டும்.

இரண்டாவது, வண்டிச் சட்டத்துக்குப் போகும் பாடி எர்த். சாதாரண நாளில் மின்சாரத்தைச் சுமப்பது இதன் வேலை இல்லை. ஏதோ ஒரு நாள் சிவப்பு ஒயர் எங்கோ உரசித் தகட்டைத் தொடும்போது, பியூஸ் போகும் வரை அந்த வெள்ளம் முழுவதையும் இது தாங்க வேண்டும். மெல்லியதாக இருந்தால் பியூஸுக்கு முன்னால் இது எரியும். அமெரிக்காவின் தேசிய மின் விதி, கேரவன் சார்ஜரின் உலோகக் கூட்டைச் சட்டத்தோடு இணைக்கக் குறைந்தது 8 கேஜ் செம்பு வேண்டும் என்கிறது. நம் கணக்கில் அது 8.4 ஸ்கொயர் அளவுக்கு வரும். கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 10. சார்ஜர் கூட்டுக்கு 10, பின் பேட்டரி நெகட்டிவிலிருந்து சட்டத்துக்கு 16 என்று வையுங்கள். பெயின்ட்டைச் சுரண்டி உலோகம் பளபளக்கும் இடத்தில், பல் வாஷர் வைத்து, நட்டு-போல்ட்டில் முடுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். கதவுக் கீல், இருக்கைத் திருகு எதுவும் எர்த் இல்லை.

மூன்றாவதுதான் உண்மையான பச்சை ஒயர், 230 வோல்ட்டுக்கு உரியது. ஃபேஸ் ஒயர் 2.5 என்றால் இதுவும் 2.5. இது வண்டிச் சட்டத்தையும் தொட வேண்டும், வெளியே சொருகும் பிளக்கின் பெரிய முள்ளையும் தொட வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) இல்லாமல் எந்த விடுதியிலும் சொருகாதீர்கள். ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று வண்டிக் கதவைத் திறப்பது உங்கள் குழந்தைகள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். "டிசி-டிசி சார்ஜர் எதற்கு, ஒரு ரிலே போதும்" என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் ஒரு சுவிட்ச். சாவியைத் திருப்பினால் ரிலே இரண்டு பேட்டரிகளையும் சேர்த்துவிடும், அவ்வளவுதான். டீசல் இன்ஜினின் செல்ஃப் மோட்டார் சில நூறு ஆம்பியர் இழுக்கும் அந்த நொடியில் முன் பேட்டரி 10 வோல்ட்டுக்கு இறங்குகிறது. பின் பேட்டரியோ 13-ல் நிற்கிறது. ரிலே ஏற்கெனவே இரண்டையும் இணைத்திருப்பதால், மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் போல, பின் பேட்டரியும் செல்ஃப் சுற்றப் போய்விடும். சார்ஜ் செய்வதற்கென்று போட்ட ஒயரில், எதிர்த்திசையில், நூறு ஆம்பியருக்கு மேல். 60 ஆம்பியர் பியூஸ் போகும். போனால் நல்லது. ஆனால் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? "பியூஸ் அடிக்கடி போகிறது" என்று 150 போடுகிறார்கள். நெடுஞ்சாலையோரத்தில் செம்புக் கம்பியையே சுற்றி வைத்ததையும் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு அந்த வண்டியில் மிக மெல்லிய ஒயர் எதுவோ அதுவே பியூஸ். பெரும்பாலும் அது எர்த் ஒயர்தான். ரிலேதான் வேண்டும் என்றால், இன்ஜின் ஓடி டைனமோ சார்ஜ் கொடுத்த பிறகே இரண்டு பேட்டரிகளையும் சேர்க்கும்படி அதற்கு ஒயர் கொடுக்க வேண்டும். பின் பேட்டரியை வைத்தே அவசரத்துக்கு ஸ்டார்ட் செய்ய ஆசைப்பட்டால் 16 போதாது. இரண்டு ஒயர்களும் 50 ஸ்கொயருக்குப் போக வேண்டும், பியூஸும் மாறும். உங்களுக்கு இது தேவையில்லை. வாங்கிய சார்ஜரையே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஒயர் வாங்கப் போகும் இடம். அளவைச் சரியாகக் கேட்டாலும் கடைக்காரர் கொடுப்பது அந்த அளவுதானா? ஒரு முறை "6 ஸ்கொயர்" என்று பில் போட்டுக் கொடுத்த ஒயரைச் சந்தேகப்பட்டு மேசையில் பிரித்து எண்ணினேன். 0.3 மில்லிமீட்டர் இழைகள் 84 இருந்தால்தான் 6 ஸ்கொயர். இருந்தவை 60, மைக்ரோமீட்டரில் ஒவ்வோர் இழையும் 0.27. பெருக்கிப் பார்த்தால் மூன்றரைகூட இல்லை. மேலே உறை மட்டும் தடியாக, கொழு கொழு என்று இருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால் "எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள்" என்றார்.

அதைவிட மோசம், கார் ஆடியோ பெட்டிகளில் வரும் ஒயர். வெளியே செம்பு முலாம், உள்ளே அலுமினியம். மின்சாரத்தைக் கடத்தும் திறன் செம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். வெள்ளி நிறம் தெரிந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். வெல்டிங் கேபிள் நல்ல தேர்வு, நன்றாக வளையும். ஆனால் அதிலும் அலுமினியம் உண்டு, "செம்பு" என்று வாய்விட்டுக் கேளுங்கள், பில்லிலும் எழுதச் சொல்லுங்கள்.

பாடி கட்டும் கூடங்களில் "மொத்த வேலையும் சேர்த்து இவ்வளவு" என்று பேசும் தரகரிடம் ஒயரிங்கை விடாதீர்கள். பலகை அடித்து மூடிய பிறகு உள்ளே என்ன ஒயர் ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாது; மூடுவதற்கு முன் ஒவ்வோர் ஒயரையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

அரசு பார்த்துக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம். மோட்டார் கேரவன்களுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலை இருக்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் சொல்கிறது. தாளில் எல்லாம் சரி. எப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) எத்தனையோ முறை வண்டியோடு போய் நின்றிருக்கிறேன். ஒளிரும் ஸ்டிக்கரை விரலால் தேய்த்துப் பார்த்தவர்கள் உண்டு, பேட்டரிப் பெட்டியைத் திறக்கச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. வண்டி எரிந்த பிறகுதான் எல்லோரும் ஒயரைப் பற்றிக் கேட்பார்கள், முதலில் இன்சூரன்ஸ் சர்வேயர். மாற்றத்தைப் பதிவுச் சான்றில் ஏற்றிவிடுங்கள்.

புதிய ஒயர் போட்ட பிறகு ஒரு சோதனை. இன்ஜினை ஓட விட்டு, சார்ஜர் முழு வேகத்தில் ஏற்றும்போது, மல்டிமீட்டரை டிசி 2 வோல்ட்டில் வைத்து ஒரு முனையைப் பின் பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையைச் சார்ஜரின் நெகட்டிவிலும் தொடுங்கள். ஒரு மீட்டர் 16 ஸ்கொயருக்கு 0.05 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 0.2-ஐத் தாண்டினால் கோளாறு லக்கில், அதாவது ஒயர் முனையில் அழுத்தும் உலோக வளையத்தில், இருக்கிறது: சுத்தியலால் தட்டி நசுக்கியிருப்பார்கள். வெட்டி எறிந்துவிட்டு, ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவி வைத்திருப்பவரிடம் போய்ப் புது லக் அழுத்தி வாங்குங்கள்.