எப்படியும் ஜெயிச்சிருவாம்லா? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 'அட்வென்ச்சர்ஸ் ஆஃப் சூப்பர்மேன்' என்ற பழைய தொடரில் 'பேனிக் இன் தி ஸ்கை' அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு, நாங்களும் பத்து நிமிடக் குறும்படம் எழுதினோம். நெல்லை குறுக்குத்துறையில் தாமிரபரணி வெள்ளம் ஏறுகிறது, நாயகன் காப்பாற்றுகிறான். படித்தவர்கள் எல்லாம், 'எப்படியும் ஜெயிச்சிருவாம்லா, பெறவு என்ன சஸ்பென்ஸ்?' என்கிறார்கள். என்ன செய்ய?
- கல்லூரி மாணவி, அம்பாசமுத்திரம்

பதில்: 1953இல் வந்த அந்த அத்தியாயத்தில் நாயகனிடமிருந்து எதைப் பறித்தார்கள் என்று பாருங்கள். பூமியை நோக்கி வரும் விண்கல்லில் சூப்பர்மேன் போய் மோதுகிறான். கல் நிற்கிறது, உடையவில்லை. மோதிய அதிர்ச்சியில் அவனுக்கு நினைவு தப்பிவிடுகிறது. பலம் கொஞ்சமும் குறையவில்லை. அது தன்னிடம் இருப்பதே அவனுக்குத் தெரியாது. ஆபத்து தலைக்கு மேலே அப்படியே நிற்க, ஊர் சூப்பர்மேனைத் தேட, நடிகர் ஜார்ஜ் ரீவ்ஸ், சூப்பர்மேன் ஊருக்குள் சாதாரண ஆளாக உலவும் கிளார்க் கென்ட்டாகத் திகைத்துக்கொண்டிருக்கிறார். இருவரும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும், பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தெரியாது. பதைப்பு அங்கேதான் பிறக்கிறது.

முடிவு தெரிந்தால் சுவை கெடும் என்று பயப்படாதீர்கள். கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டாகச் சுடலைமாடன் கதை கேட்க உட்காரும் கூட்டத்தில் கதை தெரியாதவர் யார்? இருந்தும் பாட்டை நடத்தும் அண்ணாவி, வில்லைத் தட்டும் வீசுகோலை நிறுத்திக் குரலைத் தாழ்த்தினால் பந்தலே அடங்கிப்போகும்.

உங்கள் படத்துக்கு வருவோம். முதல் ஒரு நிமிடத்துக்குள் அவன் சக்தியை ஒரே ஒரு தடவை, வசனமில்லாமல் காட்டுங்கள். இரண்டாம் நிமிடத்தில் நினைவு போகட்டும். அவன் யார் என்பதைக் கடைசிவரை ஒளித்துவைத்தால் கிடைப்பது ஐந்து விநாடி ஆச்சரியம். முன்னாலேயே சொல்லிவிட்டால் எட்டு நிமிடப் பதைப்பு.

வெள்ளம்தான் உங்கள் கடிகாரம். படித்துறை, மண்டபத் தூணின் பாதி, கூரையின் அடி என மூன்று ஷாட் போதும். கேமரா ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் இருந்தால்தான் தண்ணீர் ஏறியது கண்ணுக்குத் தெரியும். முதலாவது 6 விநாடி, அடுத்தது 4, கடைசி 2. அங்கே பின்னணி இசை வேண்டாம், ஆற்றின் இரைச்சலே போதும். வெள்ளக் காலத்தில் ஆற்றுக்குள் இறங்கவே கூடாது. மேட்டிலிருந்து ஜூம் செய்து எடுங்கள். நடிகர்கள் வரும் காட்சிகளை வீட்டுக்குள் தனியாக எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

இடையில் அவன் உடுப்பு இருக்கும் டிரங்குப் பெட்டியை அவன் கை இரண்டு முறை தொட்டு விலகட்டும். மூன்றாவது தடவை திறக்கட்டும். பெரும்பாலான கதைகள் கெடுவது இங்கேதான்: மறுபடி தலையில் அடிபட்டு நினைவு வரும். அது தற்செயல், பார்ப்பவர் காத்திருந்ததற்குக் கூலி ஆகாது. பெட்டியைத் திறக்கிற முடிவை அவனே எடுக்க வேண்டும். வில்லன் ஒருவனையும் கொண்டுவராதீர்கள். பார்ப்பவர் கண் வெள்ளத்தை விட்டு அவன் பக்கம் போய்விடும்.

கேள்வி: 1966 'பேட்மேன்' தொடரில் ஆபத்தின் உச்சத்திலேயே 'தொடரும்' போட்டார்களே, யூடியூபில் வாரம் ஒரு பாகம் போடும் எங்களுக்கு அது ஒத்துவருமா?
- வாசகர், பேட்டை

பதில்: அவர்கள் புதன் இரவு நிறுத்தி வியாழன் இரவே விடுவித்தார்கள். ஒரு நாள் இடைவெளியில் எதுவும் மறக்காது. ஏழு நாள் என்றால், ஆபத்து ஒரே படத்தில் விளங்க வேண்டும்: கட்டிய கை, எரியும் கயிறு, கீழே கிணறு. தப்பிக்க உதவும் பொருளை முதல் பாகத்திலேயே காட்டிவிடுங்கள். அடுத்த வாரம் புதிதாக ஒன்றை எடுத்து நீட்டினால் பார்ப்பவர் ஏமாற்றப்பட்டதாகவே நினைப்பார்.